எனக்கும் பத்து மார்க்

நைனா,

ஊருக்கெல்லாம் நீ டாக்டர். காலேஜ் பிள்ளைகளுக்கு இப்போது சார். எனக்கு நீ பிறந்த நாளிலிருந்து நைனாதான், அதை மாற்றிக்கொள்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் சரியாகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று உங்கப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாமே. குக்கர் விசில் அடித்ததற்காக நான் போனை வைக்கவில்லை. சொல்ல வேண்டிய பதில் நீளமாக இருந்தது, அதனால் வைத்தேன். போனில் உன்னிடம் நான் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததே கிடையாது. பாதியிலேயே "சரிம்மா, மாத்திரை சாப்ட்டியா?" என்று அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவாய். எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது பார்! கேண்டீன் பலகையில் வருஷக்கணக்காக மெனு எழுதிய கை இது, எழுத்து புரியவில்லை என்று சாக்கு சொல்லாதே. கவரை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கிற விஷயம் இல்லை, உன் பிள்ளைகளுக்கும் வகுப்பில் படித்துக் காட்டலாம். கூச்சமாக இருந்தால் எங்கம்மா என்று சொல்லாமல் யாரோ ஒரு பேஷண்ட் என்று சொல்லிக்கொள்.

நீ கேட்டதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். உன் காலேஜில் அடுத்த மாதம் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு மாடல் பிராக்டிகல் பரீட்சை. முதல் தடவையாக உன்னை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள், மார்க்கும் நீதான் போடப் போகிறாய். பிள்ளைகள் சோதித்துப் பார்க்க நிஜ நோயாளிகள் வேண்டும். "நல்ல மைட்ரல் கேஸ் ஒண்ணுமே சிக்கலம்மா. இப்பல்லாம் அந்த வியாதியே கொறஞ்சி போச்சு. நீ ஒரு நாள் வந்து படுத்துக்கிறியா?" என்று கேட்டாய். வியாதி குறைந்தால் ஊருக்குச் சந்தோஷம், வாத்தியாருக்குக் கஷ்டம்! எனக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற பிள்ளை பரீட்சை வைக்க, பெற்றவள் கேஸாகப் படுக்கிற கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வருகிறேன் நைனா, கட்டாயம் வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நீ போடுகிற நூறு மார்க்கில் பத்து மார்க்கை என்னிடம் விட்டுவிட வேண்டும். எனக்கு மட்டும் இல்லை, அன்றைக்கு அந்த வார்டில் கேஸாகப் படுக்கிற எல்லோருக்கும் அப்படித்தான். யூனிவர்சிட்டி பரீட்சை உன் கையில் இல்லை என்பது எனக்கும் தெரியும். மாடல் பரீட்சை உங்கள் டிபார்ட்மெண்ட் கையில்தானே இருக்கிறது? கேஸ் மார்க் போடுமா என்று சிரிக்காதே. ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் நிலம் கம்பெனிப் பேட்டைக்குப் போன பிறகு உங்கப்பா கம்பெனி பஸ் ஓட்டப் போனார், நான் கேண்டீனில் சேர்ந்தேன். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். குன்றத்தூர் மலைக்குப் போகும்போதெல்லாம் நான் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவேன், ஞாபகம் இருக்கிறதா? நீயும் அப்பாவும் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு எனக்கு விபூதி கொண்டுவந்து பூசுவீர்கள். "அம்மா சோம்பேறி, முருகன் கோச்சிக்கப் போறாரு" என்று நீ கேலி செய்வாய். நானும் உடம்பு பெருத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு மெடிக்கல் காலேஜ் பிள்ளைகள் பிள்ளைப்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். பிரஷர் மட்டும் பார்த்துக்கொண்டு வேலைக்கு ஓடிவிடலாம் என்று போனவளின் நெஞ்சில் ஒரு பையன் ஸ்டெதஸ்கோப்பை வைத்தான். வைத்தவன் எடுக்கவே இல்லை. அப்புறம் இன்னொருத்தனைக் கூப்பிட்டான், அவன் பெரிய டாக்டரைக் கூப்பிட்டான். அவர் கேட்டுவிட்டு, சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாகக் காய்ச்சல் வந்ததா என்று விசாரித்தார். வந்தது. எங்கம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள், சரியாகிவிட்டது என்று எல்லோரும் மறந்துவிட்டோம். அந்தக் காய்ச்சல் மறக்கவில்லை, இதயத்தில் மைட்ரல் என்கிற வால்வைப் பிடித்துச் சுருக்கி வைத்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு நம் ஊருக்கு வராமல் இருந்திருந்தால் எனக்கு என்ன வியாதி என்பதே தெரியாமல் போய்ச் சேர்ந்திருப்பேன். அந்த நன்றி எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

அந்த நன்றிக்காகத்தான் பரீட்சைக்கு வர முடியுமா என்று அவர்கள் கேட்டதும் சரி என்றேன். பெரிய டாக்டர் என் நெஞ்சில் கேட்கிற சத்தத்தை "கிளாசிக்" என்று சொன்னார். எனக்கு அதன் அர்த்தம் தெரியாது, ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஏதோ நல்ல வார்த்தை என்று பட்டது. என் வாழ்நாளில் என்னிடம் இருக்கிற ஒன்றை ஒருத்தர் அவ்வளவு ரசித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை, போயேன்! அதிலிருந்து பரீட்சைக் காலம் வந்தால் வார்டு அட்டெண்டர் போன் செய்வார், சூப்பர்வைசர் அக்காவிடம் சொல்லி ஷிப்ட் மாற்றிக்கொண்டு போய்விடுவேன். சாப்பாடு போடுவார்கள், போகவர செலவும் கொடுப்பார்கள். நானும் எனக்குத் தெரிந்த மாதிரி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன் நைனா, வாயால் இல்லை, நெஞ்சால். இன்றைக்கு எங்கெங்கோ டாக்டராக இருக்கிறவர்களில் சில பேர் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது என்னிடத்தில்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலுக்கு வருஷா வருஷம் முனுசாமி அண்ணன் வருவார். மண்ணீரல் வீங்கினவர், வயிற்றைத் தொட்டாலே கையில் தட்டுப்படும். அந்த வார்டில் அவர்தான் எங்களுக்கெல்லாம் சீனியர். "தோ பாரும்மா, இந்தப் பசங்க வர்றப்பவே கை வெடவெடன்னு நடுங்கிகினு வரும். பாவமா கீதும்மா. டாக்டரு அந்தாண்ட போனதும் மெல்ல வியாதி பேரச் சொல்லிட்டோம்னு வெச்சிக்கோ, புண்ணியமா போவும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நானும் மனப்பாடம் செய்தேன். மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்று நாக்கு சுளுக்காமல் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அதோடு விட்டேனா? எங்கள் கேஸ் பேப்பரைப் பார்த்து டாக்டர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, "நாடி எழுபத்தெட்டு, ரெகுலர்" என்பதையும் சேர்த்துக்கொண்டேன். பிள்ளை வந்து உட்கார்ந்ததும் காதோடு காதாக இரண்டையும் சொல்லிவிடுவேன். முகம் பளிச்சென்று மலரும். "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி!" என்று எழுத ஆரம்பித்துவிடும். எங்கள் வார்டில் இதை எல்லா கேஸும் செய்வோம். நீ கூட உன் கடைசி வருஷப் பரீட்சை முடிந்து வந்து, ஒரு தாத்தா காப்பாற்றிவிட்டார் என்று குதித்தாயே, மறந்துவிட்டாயா?

இனி நான் சொல்லப் போகிறதை நீ ஒரு தடவை கேட்டிருக்கிறாய். ஆனால் உன் காதில் அது விழவில்லை, அதனால்தான் மறுபடி சொல்கிறேன். அன்றைக்கும் அதே வார்டு, அதே பரீட்சை. காலையில் ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினேன், அதிலிருந்தே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓடி வந்ததால் என்று விட்டுவிட்டேன். கட்டிலில் படுத்தால் இருமல் வந்தது. முதலில் ஒரு பையன் வந்தான், காதில் சொன்னேன், எழுதிக்கொண்டு போனான். அடுத்து ஒரு பெண், அவளுக்கும் சொன்னேன், அவளும் எழுதிக்கொண்டாள். இரண்டு பேருமே என் மணிக்கட்டில் விரலை வைத்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், எழுபத்தெட்டு ரெகுலர் என்று எழுதினார்கள். அது போன வருஷத்து நாடி! நான் ஏதோ பிறந்தநாள் மாதிரி ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நேரத்தில் என் நெஞ்சு இரண்டு மடங்கு வேகத்தில், தாளமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதை அந்த இரண்டு பிள்ளைகளின் விரலும் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. பதில் கையில் கிடைத்துவிட்டால் விரலுக்குக் காது இல்லாமல் போய்விடுகிறது நைனா.

மூன்றாவதாக வந்த பெண்ணின் கோட்டில் இசக்கியம்மாள் என்று எழுதியிருந்தது. திருநெல்வேலிப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. ஒல்லியாக, மற்ற பிள்ளைகளை விட அதிகமாகப் பயந்துபோய் இருந்தாள். பாவமே என்று நான் வாயைத் திறந்தேன். "வேண்டாம்மா, நீங்க சொல்லாதீங்க. நானே கேட்டுக்கிடுதேன்" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், உதவி செய்ய வந்தவளை வேண்டாம் என்றால் கோபம் வராதா? அவள் தடுப்புத் திரையை இழுத்து மூடினாள். ஸ்டெதஸ்கோப்பைக் கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினாள். சேலையை எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். நீ ஆம்பளைப் பிள்ளை, இதை உன்னிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நீ சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருக்கிறாய், தெரிந்துகொள். அதற்கு முன்னால் எத்தனையோ பேர் கேட்காமலேயே இழுத்திருக்கிறார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அப்புறம், மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அப்போதுதான் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்குமாம். பாதிப் பேர் கேட்கிற சுவாரஸ்யத்தில் மறுபடி மூச்சு விடச் சொல்ல மறந்துவிடுவார்கள், நானும் அவர்கள் காரியம் கெட்டுப்போய்விடக் கூடாதே என்று முழி பிதுங்க அடக்கிக்கொண்டிருப்பேன். இந்தப் பெண் என்னோடு சேர்ந்து தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு முட்டியதும் எனக்கும் முட்டும் என்று தெரிந்து, "விட்டுக்கிடுங்கம்மா" என்றாள். அந்த ஒரு காரியத்திலேயே என் கோபம் எங்கேயோ போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், விடவே இல்லை. முகம் மாறியது. "படபடன்னு எப்பலருந்தும்மா அடிச்சுக்கிடுது? படுத்தா மூச்சு முட்டுதா?" என்று கேட்டாள். முட்டுகிறது என்றேன். தலையணை இரண்டை வைத்து என்னை நிமிர்த்தி உட்கார வைத்தாள். கேண்டீனில் என்ன வேலை, என்ன பாத்திரம் தூக்குவேன், நைட் ஷிப்டும் உண்டா என்றெல்லாம் விசாரித்தாள். அவள் தம்பி ஒரகடத்தில் ரூம் எடுத்துக் கம்பெனியில் வேலை செய்கிறானாம், அதனால் ஷிப்ட் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற பிள்ளைகள் தொழில் என்ற இடத்தில் கேண்டீன் என்று எழுதிவிட்டு, கடைசியில் நன்றாக ஓய்வு எடுங்கள் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்புறம் அவள் பேனாவை மூடி வைத்தாள். அவள் பேப்பரில் பாதிகூட எழுதியிருக்கவில்லை. "கொஞ்ச நேரம் இரிங்கம்மா, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு டியூட்டி டாக்டரைத் தேடி ஓடிவிட்டாள். பரீட்சை நடக்கிற வார்டிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து வெளியே ஓடுவதை எல்லோரும் பார்த்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள், என்னை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கும், இல்லை ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கும் என்று அங்கே சொன்னார்கள். முனுசாமி அண்ணன் மறுநாள் பார்க்க வந்தபோது, "கேஸு நீயே இல்லாம அந்தப் பொண்ணு இன்னாத்தக் காட்டும்? பேப்பரும் பாதிதான் கீது. அயுதுகினே போச்சும்மா" என்றார்.

நீ அன்றைக்கு, அப்போது படித்துக்கொண்டிருந்த காலேஜிலிருந்து ராவோடு ராவாகப் பஸ் ஏறி ஓடி வந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் உன்னிடம் இந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னாய் தெரியுமா? "நல்ல பொண்ணுதாம்மா. ஆனா கேஸ் ஷீட்ட முடிச்சிட்டு அப்பறமா சொல்லியிருக்கலாம் இல்ல? பரீட்சைன்னா ரூல் ரூல்தான்." பெற்ற தாயின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். நீ கல்நெஞ்சக்காரன் என்று நான் நினைக்கவில்லை. நீயும் பயந்துபோன பிள்ளைதான், வருஷக்கணக்கில் உன்னை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு இன்றுவரை என் தொண்டையில் நிற்கிறது. இப்போது நீ மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறாய். உன் முன்னால் ஒரு இசக்கி பாதிப் பேப்பரோடு வந்து நின்றால் நீ என்ன செய்வாய் என்பது எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் நான் கேட்க வந்தேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றிவருகிற பேச்சு.

அவளை அந்தத் தடவை பெயில் போட்டுவிட்டார்கள். மாத்திரை மருந்தோடு நான் தேறி வந்த பிறகு, பெயிலான பிள்ளைகளுக்கு வைக்கிற பரீட்சைக்கு மறுபடி கேஸாகக் கூப்பிட்டார்கள், அப்போதுதான் தெரிந்தது. வராந்தாவில் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "யம்மா, நல்லாருக்கியளா? கையக் குடுங்க" என்று நாடியைத்தான் முதலில் பிடித்தாள். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. "என்னாலதான ஒனக்கு இந்தக் கதி, கண்ணு" என்றேன். "அட, விடுங்கம்மா. பரிச்சைய மறுபடி எழுதிக்கிடலாம்லா. நீங்க போயிட்டியன்னா மறுபடி வருவியளா?" என்று சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு அவள் என் கட்டிலுக்கு வரவில்லை, வேறு யாரோ வந்தார்கள். பரீட்சை வைக்கிற டாக்டர் என்னிடம் வந்தபோது, "ஐயா, ஒரு நிமிசம். அந்த இசக்கியம்மா பொண்ணு இல்லன்னா நான் இன்னிக்கி இங்க இல்லைங்க" என்று ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கேஸ் எல்லாம் பேசக் கூடாதும்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்கு அதற்குள் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்து முடிக்க வேண்டும். நானும் வாயை மூடிக்கொண்டேன். இசக்கி அந்தத் தடவை பாஸ் செய்துவிட்டாள். இப்போது அவள் ஊர்ப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறாள் என்று கேள்வி. அந்த ஜனங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நாம் டாக்டரைப் பார்த்தேன் என்று சொல்வதை விட, டாக்டரிடம் காட்டினேன் என்றுதான் அதிகம் சொல்கிறோம், கவனித்திருக்கிறாயா? பிள்ளைப்பாக்கத்தில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதல் கேள்வியே "யாராண்ட காட்டறீங்க?" என்பதுதான். புண்ணைக் காட்டுகிறோம், குழந்தையைக் காட்டுகிறோம், புருஷனிடம்கூட மறைத்ததைக் காட்டுகிறோம். ஒருத்தரை நம்பினால்தானே காட்ட முடியும்? காட்டுகிறவள் நான், காட்டுவதா வேண்டாமா என்பதும் என் இஷ்டம். பரீட்சை வார்டில் மட்டும் அது தலைகீழாகிவிடுகிறது. அங்கே அட்டெண்டர் என்னைக் காட்டுகிறார், பிள்ளைகள் என்னை டாக்டரிடம் காட்டுகிறார்கள், நான் வெறும் காட்டப்படுகிற பொருளாகிவிடுகிறேன். அதனால் நீ என்னிடம் தருகிற பத்து மார்க்குக்குப் பெரிய கேள்வித்தாள் எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் போன பிறகு கேஸிடம் ஒரே ஒரு கேள்வி கேள். "இவங்ககிட்ட மறுபடியும் வந்து காட்டுவீங்களா?" நாங்கள் யோசித்துச் சொல்கிற பதில்தான் எங்கள் மார்க். அதோடு, ஒரு பிள்ளை பேனாவை மூடிவிட்டு எழுந்து ஓடினால், பேப்பர் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் எங்களிடம் வந்து ஏன் ஓடினாள் என்று கேள்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் பாவம் பார்த்துப் பத்துக்குப் பத்து போட்டுவிடுவீர்கள் அம்மா என்பாய். முனுசாமி அண்ணன் போடுவார், அவர் குணம் அப்படி, அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கேண்டீன் வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களே, அதை நினைத்துப் பார். சிரிக்கிற பொம்மை முகம், உம்மென்ற முகம், அழுகிற முகம் என்று பட்டன் இருக்கும். ஷிப்ட் முடிந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற பையன்கள் ஒன்றை அழுத்திவிட்டுப் போவார்கள். வேலை பார்த்துக் களைத்துப்போன பையன்கள்தான், ஆனால் யோசிக்காமல் அழுத்த மாட்டார்கள். ஒரு நாள் சாம்பாரில் உப்பு கூடிப்போய் அழுகிற முகமாக வந்து நின்றது, சூப்பர்வைசர் அக்கா என்னை நிற்க வைத்துக் கேட்டாள். கோபம் வந்தது, ஆனால் நியாயம்தானே? அடுத்த நாளிலிருந்து ருசி பார்க்காமல் நான் அண்டாவை இறக்கியதே இல்லை. ஒரு கரண்டி சாம்பாருக்குச் சாப்பிட்டவன் சொல்வது கணக்கில் வருகிறது. ஒரு டாக்டருக்கு, அவர் தொட்ட உடம்புக்காரி சொல்வது கணக்கில் வராதா? நீ இப்போது வேலை பார்க்கிற காலேஜ் நிற்கிற இடம் நம் பக்கத்தில் யார் யாருடைய நிலம் என்று உங்கப்பாவைக் கேள், பேர் பேராகச் சொல்வார். அங்கே படிக்கிற பிள்ளைகள் பழகுகிற உடம்பும் எங்களுடையது. அவர்கள் எப்படிப்பட்ட டாக்டராகி வெளியே வருகிறார்கள் என்று சொல்ல எங்களுக்கும் ஒரு வாய் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எனக்கு உயிரைக் கொடுத்ததே ஒரு காலேஜ் போட்ட முகாமும் ஒரு காலேஜ் பெண்ணும்தானே, அந்த நன்றியில்தான் உரிமையோடு கேட்கிறேன்.

எனக்கு நன்றி சொல்ல இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதா மாதம் ரத்தம் சோதிக்கப் போக வேண்டும் என்று ஆனபோது, கேட்காமலேயே எனக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுத்த சூப்பர்வைசர் அக்கா ஒருத்தி. அந்த நாளெல்லாம் தன் ஓய்வை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போகிற உங்கப்பா இன்னொருத்தர், வழியெல்லாம் பஸ் ஓட்டுகிற கதையைப் பேசி என் காதைத் தின்றுவிடுவார் என்பது வேறு. நீ டாக்டரானதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆகாமல் இருந்திருந்தாலும் நீ என் நைனாதான். ஆனதில் நான் பூரித்துப் போயிருக்கிறேன், அதை உன் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. நான் உனக்கு எத்தனை மார்க் போடுவேன் என்று உன் மனதில் ஓடும், எனக்கு உன்னைத் தெரியாதா? போட்டாகிவிட்டது. முதன்முதலாக ஸ்டெதஸ்கோப் வாங்கிக்கொண்டு லீவுக்கு வந்தாயே, கூடவே இரண்டு சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு. என்னைக் கட்டிலில் இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னாய். "மூச்ச வெளிய வுட்டு நிறுத்தும்மா" என்றாய். நிறுத்தினேன். கேட்டுவிட்டு, "டேய், சூப்பரா கேக்குதுடா, நீ கேளு, நீ கேளு!" என்று மூன்று பேருமாக மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அதைப் பார்த்துக்கொண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரில் ஒருத்தனுக்கும் என்னை மூச்சு விடச் சொல்ல ஞாபகம் வரவில்லை! உங்கப்பாதான் வாசலிலிருந்து பார்த்துவிட்டு, "டேய், அவ மூஞ்சப் பார்றா!" என்று கத்தினார். அன்றைக்கு உனக்கு ஆறு மார்க் போட்டேன். அதற்கப்புறம் நீ பெரிய டாக்டராகிவிட்டாய், மாத்திரை சாப்பிட்டாயா என்று போனில் கேட்கிறாய், என் நெஞ்சில் காது வைத்தே பல வருஷம் ஆகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பரீட்சைக்கு முன்னால் கேஸ் எப்படி இருக்கிறது என்று நீ ஒரு தடவை பார்க்க வேண்டாமா? நான் எதுவும் காதில் சொல்லிக்கொடுக்க மாட்டேன், நாடியை நீயே எண்ணிக்கொள். மூச்சை நிறுத்தச் சொல், நிறுத்துகிறேன். ஆனால் இந்தத் தடவை நீயும் என்னோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள் நைனா. அப்போதுதான் எப்போது விடச் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும். மீதி நாலு மார்க்கை அதற்காகத்தான் கையில் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் காட்ட வரும்,
அம்மா